கை விறைக்கிறது: கையுறையா, கிறிப்பா, சீற்றா?

குச்சவெளியில் வீதியோரத் தேநீர்க் கடை ஒன்றில் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருக முடியாமல் அதைக் கடைக்காரரிடம் நீட்டிய நாளில்தான், கை விறைப்பு என்ற விடயத்தை நான் ஒழுங்காக விளங்கிக்கொள்ளத் தொடங்கினேன். திருகோணமலை நகரிலிருந்து சைக்கிளில் வந்திருந்தேன்; அந்த இடம் ஏறத்தாழ 35 கிலோமீற்றர். கால்களில் களைப்பு இல்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் இடக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலின் வெளிப்பாதியும் வேறு யாருடையவோ போல இருந்தன. கடைக்காரர் மூடியைத் திறந்து தந்துவிட்டு, "என்ன தம்பி, கை விறைச்சுப் போச்சோ? மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் இதால போறவங்க ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லையே" என்றார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதி அந்தக் கேலிக்குள்ளேயே இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் மூவரிடம் கேட்டேன். அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் ஜெல் வைத்த கையுறை வாங்கச் சொன்னார். சைக்கிள் போட்டிகளில் ஓடும் மச்சான் கிறிப்பை, அதாவது ஹாண்டிலின் கைப்பிடி உறையை, மாற்றச் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் முப்பது வருடத்துக்கு மேலாகச் சைக்கிள் திருத்தும் ஐயா சைக்கிளை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சீற்றைப் பாரும் தம்பி, அது குனிஞ்சு நிக்குது" என்று மட்டும் சொன்னார். நானோ விலையையும் விளம்பரத்தையும் நம்பி முதலில் கையுறைதான் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு நிலாவெளி வரை போனபோது விறைப்பு வழமையைவிட முன்னதாகவே வந்தது. மூவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்றாலும், எதை முதலில் செய்வது, எதற்குக் காசு செலவழிப்பது என்ற வரிசையைத் தவறவிட்டால் சரியான பொருளும் பயனில்லாமல் போய்விடுகிறது.

வரிசையைத் தீர்மானிக்க முன்னர் எந்த விரல் விறைக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளங்கைக்கு வரும் நரம்புகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. அல்னர் நரம்பு சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் வெளிப்பாதிக்கும் உணர்வைக் கொடுக்கிறது. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில், இரண்டு சிறு எலும்புகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வழியால் அது கைக்குள் நுழைகிறது. பிரெஞ்சு சத்திரசிகிச்சை வைத்தியர் ஃபெலிக்ஸ் குயோன் 1861 இல் விவரித்த இந்த வழி இன்றைக்கும் குயோன் கால்வாய் என்றே அழைக்கப்படுகிறது. அதற்கு மேலே தடித்த தசையோ கொழுப்போ அதிகம் இல்லாததால், ஹாண்டிலில் உள்ளங்கையின் வெளிமேட்டை ஊன்றும்போது உடற்பாரம் ஏறத்தாழ நேராகவே நரம்பின் மீது இறங்குகிறது. மற்றது மீடியன் நரம்பு. அது மணிக்கட்டின் நடுவிலுள்ள கார்ப்பல் சுரங்கத்தால் வந்து கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் உட்பாதி ஆகியவற்றுக்குப் போகிறது. மணிக்கட்டு நெடுநேரம் மேல்நோக்கி மடிந்திருந்தால் இது நெருக்கப்படும். ஆகவே சுண்டுவிரல் விறைப்பவருக்குப் பிரதான எதிரி பாரமும் அது இறங்கும் இடமும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் விறைப்பவருக்குப் பிரதான எதிரி மணிக்கட்டின் மடிப்பு. சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையும் சேர்ந்து விறைத்தால், அந்தப் பகுதிக்கான கிளை மணிக்கட்டுக்கு முன்னரே பிரிந்துவிடுவதால், நெருக்கம் முழங்கையிலோ கழுத்திலோ இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானவருக்கு எந்தக் கிறிப்பும் உதவாது.

இனி, திருத்துகிற ஐயா சொன்ன சீற். காசு செலவில்லாத இந்த வழியைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னே வைப்பேன், ஏனென்றால் மற்றவையெல்லாம் கையில் விழுந்த பாரத்தைப் பரப்பவோ மெத்தையிடவோ முயல்கின்றன. சீற்றும் ஹாண்டிலும் மட்டுமே அந்தப் பாரம் கையில் விழுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. சீற்றின் மூக்கு சற்றுக் குனிந்திருந்தால் உடல் ஓயாமல் முன்னோக்கி வழுகும், அந்த வழுகலைத் தடுத்து நிறுத்தும் வேலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் போய்ச்சேரும். என் சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீற்றின் மேல் நீளவாக்கில் ஒரு அடிமட்டத்தை வைத்து, அதன் மேல் கைத்தொலைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியை வைத்தபோது மூக்கு நாலு பாகை கீழே நின்றது. வெறுங்கண்ணுக்கு அது தெரியவே இல்லை; ஐயாவின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அலன் கீயால் அடிப் போல்ற்றைத் தளர்த்தி மட்டமாக்க ஐந்து நிமிடம் எடுத்தது. அதற்காக மூக்கை அளவுக்கு மிஞ்சித் தூக்கக்கூடாது. தூக்கினால் விறைப்பு கையை விட்டுத் தொடையிடுக்குக்கு இடம் மாறும், அது இன்னும் மோசம்.

சீற்றை முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஹாண்டில் தூரமாகத் தெரிகிறது என்று சீற்றை முன்னே தள்ளினால் எட்டும் தூரம் குறைவது உண்மை. ஆனால் இடுப்பு பெடலுக்கு மேலாக முன்னே வந்துவிடுவதால், கால்கள் தாங்க வேண்டிய மேலுடம்பின் பாரத்தைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன. சில மில்லிமீற்றர் பின்னே தள்ளியபோது எனக்குக் கை இலேசானது. இதைச் சரிபார்க்க ஒரு எளிய சோதனை உண்டு: வாகனம் இல்லாத நேரான வீதியில், வழமையான வேகத்தில் மிதித்துக்கொண்டே, முதுகை நிமிர்த்தாமல் இரண்டு கைகளையும் ஹாண்டிலிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பார்க்க வேண்டும். உடல் முன்னே சரிந்து விழப் பார்த்தால் பாரம் கையில் இருக்கிறது. ஒரு கணமேனும் அப்படியே நிற்க முடிந்தால் சீற் இருக்கும் இடம் சரி. கையை விட்டுப் பழக்கமில்லாதவர்கள் ஒவ்வொரு கையாகப் பார்க்கலாம்.

ஹாண்டிலின் உயரமும் காசில்லாத வேலையே. பழைய வகைச் சைக்கிளில் ஹாண்டிலைத் தாங்கும் தண்டின் உச்சியிலுள்ள போல்ற்றைச் சில சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே பிடித்திருக்கும் ஆப்பு விடுபடும். பிறகு தண்டை உயர்த்தலாம், ஆனால் அதில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை இழுக்கக்கூடாது. புதிய வகையில் உயரத்தைத் தண்டின் அடியில் அடுக்கும் வளையங்கள் தீர்மானிக்கின்றன. வளையம் போதாவிட்டால் தண்டைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டினாலே சில சைக்கிள்களில் இரண்டு மூன்று சென்றிமீற்றர் உயரம் கிடைக்கும். நெடுந்தூரம் போகிறவர், போட்டி ஓடாதவர், ஹாண்டிலைச் சீற்றின் உயரத்துக்காவது கொண்டுவருவது நல்லது என்பது என் கருத்து. மச்சான் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்; அவருடைய கணக்கு வேகம், என்னுடைய கணக்கு திரும்பி வந்து சட்டைப் பொத்தானைப் பூட்டக்கூடிய விரல்கள்.

கடைக்காரரின் கேலிக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. மீன் வியாபாரிகளின் பழைய றலி, ஹம்பர், லுமாலா வண்டிகளில் ஹாண்டில் உயர்ந்து நின்று, இரு முனைகளும் ஓட்டுபவரை நோக்கிப் பின்னே வளைந்து வருகின்றன. முதுகு நிமிர்ந்திருப்பதால் பாரம் முழுவதும் சீற்றில். கை ஹாண்டிலைத் திருப்ப மட்டுமே இருக்கிறது. மணிக்கட்டு மடியாமல் முன்கையின் நேரிலேயே கிடக்கிறது. நமக்கு நாகரிகமாகத் தெரிகிற மவுண்டன் சைக்கிளில் நேரான ஹாண்டில், கையை வைக்க ஒரே ஓரிடம், அதிலும் கட்டையான மெல்லிய இறப்பர் கிறிப். காட்டுப்பாதையில் உடம்பு இடைவிடாமல் அசைவதற்காக அமைத்த வண்டியை, கார்ப்பட் வீதியில் இரண்டு மணித்தியாலம் ஒரே நிலையில் குந்தியிருந்து ஓட்டுகிறோம். விறைப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இப்படிப்பட்ட நேர் ஹாண்டிலை வைத்திருப்பவர், சீற்றையும் உயரத்தையும் சரிசெய்த பிறகும் விறைப்பு மிஞ்சினால், காசை எங்கே போடுவது? போட்டியில் இருப்பவை சிறகுக் கிறிப், ஹாண்டில் கொம்பு, கையுறை, அகல ரயர் என்ற நான்கு. இவற்றுள் கொம்புக்கே என் வாக்கு. ஹாண்டிலின் இரு முனைகளிலும் முன்னோக்கிப் பூட்டப்படும் இந்தச் சிறு குழாய்கள் பார்வைக்குப் பழைய பாணி. ஆனால் அவற்றைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கை திரும்புகிறது, பாரம் உள்ளங்கையின் வேறு பகுதிக்குப் போகிறது, நெருக்கப்பட்ட நரம்புக்கு இரத்தம் திரும்புகிறது. எந்த மெத்தையும் தராத இந்த நன்மை ஓய்வு என்ற ஒன்றுதான். குறைபாடு என்னவென்றால், கொம்பில் கை இருக்கும்போது பிரேக் எட்டாது. ஆகவே நகரத்துக்குள்ளோ, மாடுகள் படுத்திருக்கும் வீதியிலோ அதைப் பிடிப்பது புத்தியல்ல. முழங்கையை ஊன்றிப் படுத்தவாறு ஓட்டும் நீட்டுக் கம்பிகளுக்கும் இதே குறை பல மடங்காக உண்டு. கையிலிருந்து பாரத்தை முற்றாக எடுத்துவிடுபவை அவைதான் என்றாலும், யானை குறுக்கிடக்கூடிய கந்தளாய் – ஹபரணை வீதியில் அவற்றை நான் பூட்ட மாட்டேன்.

சிறகுக் கிறிப் இரண்டாவது. அதன் பின்பக்கம் தட்டையாக விரிந்து உள்ளங்கையின் வெளிமேட்டைத் தாங்குவதால், ஒரு கோட்டில் விழுந்த பாரம் ஒரு பரப்பில் விழுகிறது. சுண்டுவிரல் விறைப்பவருக்கு இது நன்றாகவே உதவும். ஆனால் பூட்டும் கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது: சிறகு அதிகம் நிமிர்ந்து நின்றால் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, சுண்டுவிரலைக் காப்பாற்றிக் கட்டைவிரலைக் கெடுத்துவிடும். சற்றே தளர்வாகப் பூட்டி, ஐந்து கிலோமீற்றர் ஓட்டி, இறங்கி, திருப்பி, மறுபடி ஓட்டி, பிறகு இறுக்க வேண்டும். நான் இரண்டு மாலைகள் உப்புவெளிக்கும் சாம்பல்தீவுப் பாலத்துக்கும் இடையில் இதையே செய்தேன். பஞ்சுபோன்ற தடித்த கிறிப்பையும் இதையும் ஒன்றாக எண்ணக்கூடாது. பஞ்சுக் கிறிப் முதல் அரை மணித்தியாலம் சுகமாக இருக்கும், பிறகு பாரம் விழுந்த இடத்தில் நசுங்கி, உள்ளேயுள்ள இரும்பையே கை உணரும்.

ரயர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதிர்வும் நரம்பைச் சோர்வடையச் செய்யும் ஒரு காரணம். நம்மவர்கள் பெரும்பாலும் ரயரைக் கல்லுப்போல இறுக்கிக் காற்றடிக்கிறார்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச எல்லையே தவிர, அடிக்க வேண்டிய அளவு அல்ல. சிறிது குறைத்தால் கிறவல் வீதியில் உடனேயே வித்தியாசம் தெரியும். மிகவும் குறைத்தால் பள்ளத்தில் ரியூப் ரிம்முக்கும் ரயருக்கும் இடையில் நசிந்து இரட்டை ஓட்டை விழும். புதிய ரயர் வாங்கும் காலம் வந்தால், ஃபோர்க்கில் இடம் இருக்கும் அளவுக்கு அகலமானதை வாங்குவது நியாயம். அதற்காகவே நல்ல ரயரைக் கழற்றி எறியத் தேவையில்லை.

கையுறைக்கு நான் கடைசி இடம் கொடுப்பது என் ஏமாற்றத்தால் மட்டுமல்ல. நல்ல கையுறையில் மெத்தை குயோன் கால்வாயின் இரு பக்கமும் உயர்ந்து, நடுவில் ஒரு தாழ்வை விட்டிருக்கும். நரம்பு அந்தத் தாழ்வுக்குள் தப்பிக்கொள்ளும். நான் வாங்கியதில் ஒரே தடித்த ஜெல் மேடு சரியாக அந்த இடத்திலேயே இருந்தது. மணிக்கட்டுப் பட்டியும் இறுக்கம். பாரம் குறையாத கையில் அது நரம்பின் மேல் வைத்த விரலாகவே வேலை செய்தது. கடையில் போட்டுப் பார்க்கும்போது கையை மேசையில் ஊன்றி அரை நிமிடம் சாய்ந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். ஆனாலும் கையுறையை நான் தூக்கி எறியவில்லை: இந்த வெயிலில் வியர்வையால் கை வழுக்கும்போது நாம் அறியாமலே பிடியை இறுக்குகிறோம், அந்த இறுக்கமும் விறைப்பைக் கூட்டும், விழுந்தால் உள்ளங்கைத் தோல் மிஞ்சுவதும் கையுறையால்தான். மெல்லிய, மெத்தை குறைந்த ஒன்று இந்த இரண்டு வேலைக்கும் போதும்.

வளைந்த ஹாண்டில் கொண்ட ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் பாதி தேவையில்லை. மேற்பகுதி, பிரேக் தலை, கீழ்வளைவு என்று கை மாற்ற மூன்று இடங்கள் ஏற்கனவே அவர்களிடம் உண்டு. அவர்கள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் பிரச்சினை. ஹாண்டில் நாடாவை இரட்டையாகச் சுற்றுவது அவர்களுக்கு மலிவான உதவி.

எந்த ஹாண்டிலானாலும் ஓட்டும் முறை மாறாமல் பொருள் மட்டும் மாறிப் பயனில்லை. முழங்கை பூட்டியபடி நேராக நின்றால் வீதியின் ஒவ்வொரு அடியும் தோள் வரை ஏறும். சற்று மடங்கியிருந்தால் அதுவே வில்லாகத் தாங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கையின் இடத்தை மாற்ற வேண்டும், விறைப்பு வந்த பிறகு அல்ல, வருமுன்னரே. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பெடலை ஓரளவு பலமாக அழுத்தும்போது கால்களே உடலை மேலே தாங்குகின்றன, மிக இலேசான கியரில் சும்மா சுற்றிக்கொண்டு போகும்போது அந்தத் தாங்கல் இல்லாமல் பாரம் கைக்கு இறங்குகிறது. கதைத்துக்கொண்டு மெதுவாகப் போகும் நண்பர்கள் பயணத்தில்தான் எனக்கு விறைப்பு அதிகம் என்பதன் காரணம் இதுவே.

காற்றும் இந்தக் கணக்கில் சேரும். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கந்தளாய்ப் பக்கம் போவது காற்றுக்கு எதிர். மார்கழியில் வாடை அடிக்கும்போது நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் எதிர். எதிர்காற்றில் எவரும் தன்னையறியாமல் குனிந்து, ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். மட்டமான சீற்றுடனும் இடைக்கிடை நான் விறைப்பிடம் பிடிபடுவது அப்படியான நாட்களில்தான். எதிர்காற்றுப் பாதியைக் காலையில் காற்று எழும்ப முன்னர் முடித்துவிடுவது எந்தக் கிறிப்பைவிடவும் நல்ல ஏற்பாடு.

வழியில் விறைத்துவிட்டால், இறங்கிக் கைகளைத் தொங்கவிட்டு உதறி, விரல்களை விரித்து மூடி, மணிக்கட்டை இரு பக்கமும் மெதுவாக நீட்டி, உணர்வு முழுதாகத் திரும்பிய பிறகே ஏற வேண்டும். விறைத்த கையோடு தொடர்ந்து ஓட்டுவதை வீரம் என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். நரம்புக்கு அது புரியாது. தைலம் தேய்ப்பது தோலுக்கு எரிவைத் தரும், நெருக்கத்தை எடுக்காது. பெரும்பாலான விறைப்பு சில மணித்தியாலங்களில், மிஞ்சினால் சில நாட்களில் போய்விடும். அதுவரை சைக்கிளை நிறுத்தி வைப்பதே மருந்து. கட்டைவிரல் பக்கம் இரவில் விறைத்து நித்திரை குழம்புகிறவர்களுக்கு மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி இரவில் உதவும். நீரிழிவோ தைரொயிட் குறைபாடோ உள்ளவர்களுக்கு இந்த நெருக்கம் இலகுவில் வரும் என்பதால், அவர்கள் சைக்கிளை மட்டும் குறைசொல்லிக்கொண்டிருக்கக்கூடாது.

உணர்வு குறைவது ஒன்று, பலம் குறைவது வேறொன்று. கட்டைவிரலை நேராக வைத்து, அதற்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, மற்றவரை இழுக்கச் சொல்லிப் பார்க்கலாம். தாளை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனிமூட்டு மடங்கினால், அல்னர் நரம்பு இயக்கும் தசை தளர்ந்து, மீடியன் நரம்பு இயக்கும் தசை அதன் வேலையைச் செய்கிறது என்று பொருள். விரல்களை விரிக்க முடியாமல் போவதும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றுவதும் அதே வகை. இவற்றில் ஒன்றைக் கண்டாலோ, விறைப்பு ஓரிரு வாரம் மாறாமல் நின்றாலோ, சீற்றைத் திருத்துவதை விட்டுவிட்டு வைத்தியரிடம் போய் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும்.

சென்ற மாதம் மச்சானும் கை விறைக்கிறது என்று வந்தார். என்னுடைய பட்டியலையே அவருக்கும் ஒப்பிக்கப் போனேன். விரலைக் கேட்டபோது கட்டைவிரலும் சுட்டுவிரலும் என்றார். அவருடைய பயிற்சிச் சைக்கிளில் நேர் ஹாண்டில். பிரேக் பிடிகள் தரைக்குச் சமாந்தரமாக நீட்டி நின்றன, அவற்றில் விரல் வைக்க அவர் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டியிருந்தது. முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வரும்வரை பிடிகளைக் கீழே திருப்பிப் பூட்டினோம். அவ்வளவுதான். கொம்பும் வாங்கவில்லை, கிறிப்பும் மாற்றவில்லை. அடுத்த ஞாயிறு கந்தளாய்க் குளக்கட்டுக்குப் போய் வந்து, "பரவாயில்லை மச்சான், ஆனா இப்ப சுண்டுவிரல் கொஞ்சம் விறைக்குது" என்றார். அவருடைய சீற்றில் அடிமட்டத்தை வைத்துப் பார்க்க இன்னும் அவர் விடவில்லை.